கப்பல் மூக்கில் நின்றவள்

சிங்கராயர் உளி பிடிப்பதை முதல் தடவை பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் சிரிப்பு போய்விடும். உளி அவர் கையில் இருக்காது, கையோடு சேர்த்துக் கட்டியிருக்கும். பெண்டாட்டி உபகாரமேரி பழைய வாயல் புடவையைக் கிழித்து, அவருடைய உள்ளங்கையில் உளிப்பிடியை வைத்து, மணிக்கட்டு வரைக்கும் சுற்றிக் கட்டிவிடுவாள். பிறகு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கொட்டாப்புளியைக் கையில் எடுப்பாள். அவர் உளி முனையை மரத்தில் வைத்து, நிமிர்ந்து அவளைப் பார்த்து, "ம்" என்பார். அவள் தட்டுவாள். மெல்லத் தட்டணுமா, ஓங்கித் தட்டணுமா என்பதெல்லாம் அந்த "ம்"முக்குள்ளேயே இருக்கும். ஒரு "ம்"முக்கும் அடுத்த "ம்"முக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு வருஷம் பிடித்தது. அந்த ஒரு வருஷத்தில் அவர் திட்டிய திட்டுக்கு வேறொருத்தியாக இருந்தால் கொட்டாப்புளியை அவர் தலையில் போட்டுவிட்டு அம்மா வீட்டுக்கு பஸ் ஏறியிருப்பாள்.

அவருக்கு முடக்குவாதம். பத்து விரலும் முட்டி முட்டியாக வீங்கி, சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. காலையில் எழுந்ததும் வெந்நீர்ச் சட்டியில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்தால்தான் சட்டைப் பொத்தானைத் தொடவாவது முடியும். செய்யாத வைத்தியம் இல்லை. முடக்கத்தான் கீரையில் தோசை ஊற்றித் தின்றார். கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் தேனும் சுமந்து வரும் ஆயம்மாள் காய்ச்சிக் கொடுத்த வாதநாராயணன் தைலத்தைத் தேய்த்தார். கள்ளக்குறிச்சி டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொண்டார். தோசை ருசித்தது, தைலம் மணத்தது, ஊசி ஒன்றுதான் கேட்டது. அதுவும் சில நாள்தான். அந்தச் சில நாளுக்குள் ஒரு முகத்தை வெட்டி முடித்துவிட வேண்டும்.

முகம் என்றால் சாமி முகம் இல்லை. கள்ளக்குறிச்சியில் கடை வைத்திருக்கிற அமீர் பாய், பாண்டிச்சேரிக்கு மரக் கப்பல் அனுப்புகிற வியாபாரி. பாய்மரம், கயிற்று ஏணி, பீரங்கி எல்லாம் வைத்த அந்தக் காலத்துக் கப்பலைச் சின்னதாகச் செய்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்பார்கள். கப்பலின் உடம்பைக் கச்சிராயபாளையத்தில் பொன்னுரங்கம் செய்வார். அந்தக் கப்பல்களின் முன்முனையில், காற்றை எதிர்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு பொம்பளை நிற்பாள். ஒரு சாண் உயரம் இருப்பாள். கப்பலுக்கு வழி பார்க்கிறவள் அவள்தான் என்பது வெள்ளைக்காரன் நம்பிக்கையாம். இங்கே எல்லோருக்கும் அவள் மூக்குப் பொம்மை. அதைச் செய்தது சிங்கராயர். கடலையே பார்த்திராத கச்சிராயபாளையத்தில் உட்கார்ந்து, இருபது வருஷத்துக்கும் மேலாக, கப்பல் கப்பலாக ஒரே பொம்பளையைச் செய்துகொண்டிருந்தார்.

ஒரே பொம்பளை என்று சும்மா சொல்லவில்லை. அது யார் என்று உபகாரமேரிக்குத் தெரியும்.

உபகாரமேரி அவருக்கு இரண்டாம் தாரம். முதல் தாரம் அவளுடைய கூடப் பிறந்த அக்கா சலேத்மேரி. மகன் ரெக்ஸைப் பெற்றுப் போட்ட மறுநாளே ஜன்னி கண்டு போய்ச் சேர்ந்துவிட்டாள். அக்காள் இருக்கும் மட்டும் மச்சான் உறவு என்பார்கள். இவளுக்கு அக்காள் போன பிறகுதான் மச்சான் உறவே முற்றியது. வெளியிலிருந்து ஒருத்தி வந்தால் பிள்ளையைக் கொடுமை செய்வாள், கூடப் பிறந்தவள் என்றால் பார்த்துக்கொள்வாள் என்று பெரியவர்கள் கூடிப் பேசி, பங்குச் சாமியார் பிஷப்புக்கு எழுதி, செத்தவளின் தங்கச்சியைக் கட்டிக்கொள்ள விலக்கு வாங்கி, கல்யாணத்தை முடித்தார்கள். பதினாறு வயசுக்காரியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரையும் கேட்டதாகத் தெரியவில்லை. சின்ன வயசில் "மாமா" என்று கூப்பிட்டவரை அவள் இன்றைக்கும் "மாமா" என்றுதான் கூப்பிடுகிறாள்.

கல்யாணமான புதிதில்தான் பாயின் கப்பல் வேலை வந்தது. முதல் பொம்மையை முடித்த அன்றைக்குப் பொன்னுரங்கம் வந்து, கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்பா, சலேத்து மொகத்த அப்பிடியே எறக்கி வெச்சிட்டியே!" என்றார்.

சிங்கராயர் பொம்மையை வாங்கிச் சாக்கில் சுற்றினார். அடுப்படியில் நின்றிருந்த உபகாரமேரி உலையில் அரிசி போட மறந்து நின்றாள். செத்துப்போன அக்காவின் மேல் பொறாமைப்பட முடியுமா? நன்றாக முடியும். அதே அக்காவை நினைத்து அழவும் முடியும். இரண்டையும் ஒரே மூச்சில் செய்துகொண்டுதான் அவள் அந்த வீட்டில் சோறு ஆக்கினாள்.

சலேத்மேரிக்கு ஒரு போட்டோ கிடையாது. அந்தக் காலத்தில் கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கிற வசதி அவர்களுக்கு இல்லை. ரெக்ஸ் பள்ளிக்கூடம் போன வருஷம், "எங்கம்மா எப்பிடி இருப்பாங்க?" என்று கேட்டு அழுதான். உபகாரமேரி அவனைத் தூக்கிக்கொண்டு போய், அப்போதுதான் முடித்து வைத்திருந்த மூக்குப் பொம்மையைக் காட்டினாள். "இதாண்டா உங்கம்மா" என்றாள். பையன் அழுகையை நிறுத்திவிட்டு அதன் கன்னத்தைத் தடவிப் பார்த்தான். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. பொம்மைகள் எல்லாம் பாண்டிச்சேரிக்குப் போய், அங்கேயிருந்து எந்தெந்தச் சீமைக்கோ போயின. வீட்டுக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளலாமே என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால், யார் முகம் என்று தனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். சில வீடுகளில் குடித்தனம் இப்படித்தான் நடக்கிறது.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த எண்பத்தேழாம் வருஷம் ரெக்ஸுக்குக் கல்யாணம் முடிவானது. வெளியூர்ச் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்தான். பெண் களமருதூர், பேர் ஜெனிபர். ஐப்பசியில் கல்யாணம் என்று பேச்சு. ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன், சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தான்.

"சின்னம்மா, கோயிலுக்குப் பொறப்படறதுக்கு முன்னாடி பெத்தவங்க படத்துக்கு மால போட்டு மண்டி போடணும் இல்ல? அவங்க வூட்ல கேட்டாங்க. எங்கம்மா படம் இல்லன்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்திச்சி. அப்பாவ ஒரு பொம்ம செய்ய சொல்லேன். அத வெச்சிக்கிறேன். அதானே எங்கம்மா மொகம்?"

"அதாண்டா" என்றாள் உபகாரமேரி. வேறு என்ன சொல்வாள்? பையன் தன் வாழ்நாளில் பெற்றவளுக்கென்று கேட்டது அது ஒன்றுதான். அவர் கை முழுசாக மூடிக்கொள்வதற்குள் அக்காவின் முகம் ஒன்றை இந்த வீட்டில் நிறுத்திவிட வேண்டும் என்று அன்றைக்கே மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

அன்று ராத்திரிச் சோறு போடும்போது, கல்யாணமான நாள் முதல் கேட்காததைக் கேட்டாள். சிங்கராயர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"கை இருந்தப்ப கேக்காம இப்ப வந்து கேக்கறியே" என்றார். "பாய்க்கு ஒண்ணு குடுக்கணும். அத முடிச்சிட்டுப் பாக்கலாம்."

பாய்க்கான பொம்மையை முடித்தபோது ஊசியின் வேகமும் முடிந்திருந்தது. அடுத்த ஊசிக்குப் போகவேண்டிய வாரம் புரட்டாசி பிறந்தது, சாலை மறியலும் பிறந்தது. தென்னார்க்காடு முழுக்க ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்தார்கள். பாலங்களை உடைத்தார்கள். பஸ் நின்றது, லாரி நின்றது. எங்கேயோ போலீஸ் சுட்டு ஆட்கள் செத்தார்கள் என்றும், எங்கேயோ குடிசைகள் எரிகின்றன என்றும் சேதி மட்டும் கால்நடையாக வந்துகொண்டிருந்தது. ரெக்ஸ் ஆலையிலேயே மாட்டிக்கொண்டான். கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு நடந்து போகிற நிலைமையில் சிங்கராயர் இல்லை. அந்த ஒரு வாரத்தில் அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே மடங்கின. உபகாரமேரி உளியை வைத்துக் கட்டிப் பார்த்தாள். உளிப்பிடி போகிற அளவுக்குக்கூட உள்ளங்கை திறக்கவில்லை.

"வுட்டுடு" என்றார். கட்டிய துணியை அவள் அவிழ்க்கிறவரைக்கும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழி திறந்த பிறகு டாக்டரிடம் போனார்கள். மூட்டு கட்டிப்போய்விட்டது, இனிமேல் ஊசி கேட்காது என்று சொல்லிவிட்டார். அப்படியானால் இனி புதுப் பொம்மை கிடையாது. பாய்க்கென்று முடித்து, சாக்கில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்திருந்ததுதான் கடைசி.

இரண்டு நாள் கழித்து அமீர் பாய் ஸ்கூட்டரில் வந்தார். வெட்டிப் போட்ட மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து வந்ததில் வெள்ளை வேட்டி செம்மண்ணாகியிருந்தது.

"பாண்டிச்சேரிக்காரன் தந்தி மேல தந்தி குடுக்கறான், சிங்கராயரே. கப்பலு ரெடியா கீது, மூக்குதான் இல்ல" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

உபகாரமேரி தண்ணீர்ச் சொம்பை அவர் முன்னால் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

"பாய், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காதீங்க. அந்தப் பொம்மைய எங்களுக்கே வுட்ருங்க. அது எங்க அக்கா மொகம். பையன் கல்யாணத்துக்கு வேணும். இவரு கை இனிமே வராது."

அமீர் பாய் தண்ணீரைக் குடிக்காமல் சொம்பைக் கீழே வைத்தார். "இன்னா தங்கச்சி இது, இத்தினி வருசமா சொல்லவே இல்லியே! பெத்த தாய் மொகம்னு சொன்னப்புறம் அதுல யாவாரம் இன்னா யாவாரம்? வெச்சிக்கினு இரு. நான் வேற எதுனா ஒட்டி அனுப்பிக்கறேன்" என்றார்.

"எடுத்துனு போ பாய்" என்றார் சிங்கராயர்.

பாய் அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் நிற்பதைவிட மறியலுக்கு நடுவில் நிற்பது மேல் என்று தோன்றியிருக்க வேண்டும். வெறுங்கையோடு ஸ்கூட்டரை உதைத்தார்.

சத்தம் தேய்கிறவரை பொறுத்திருந்தாள் உபகாரமேரி. பிறகுதான் வாயைத் திறந்தாள். "இன்னா மாமா நீங்க? பெத்த புள்ளைக்கு ஒரு கட்டய குடுக்க மனசு வரலியா? அவ்ளோ ஆசயா அவ மேல? இருபது வருசமா ஊருக்கெல்லாம் அனுப்பினீங்களே, எங்க வூட்டுப் புள்ளைக்கு ஒண்ணு ஆவாதா?"

"அது அவ இல்ல."

"யாரு இல்ல?"

"சலேத்து இல்ல." அவர் மடங்கிப்போன கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் பேசினார். "மொதல்ல அவதான். பொய் சொல்லல. கை நல்லா இருந்த வரிக்கும் குனிஞ்ச தல நிமிராம வெட்டுவேன். உள்ள இருக்கறத கை எறக்கும். கை போனப்புறம் நீ எதுர வந்து உக்காந்த. ஒவ்வொரு தட்டுக்கும் நிமிந்து உன் மொகத்தப் பாத்துதானே 'ம்' சொல்றேன்? பாத்து, குனிஞ்சி, பாத்து, குனிஞ்சி... எப்ப மாறுச்சின்னு எனக்கே தெரியல. போன வருசம் ஒண்ண முடிச்சித் தொடச்சிப் பாக்கறேன், எடது புருவம் ஏறி நிக்குது. அவளுக்கு அப்பிடிக் கெடையாது. உனக்குத்தான் கீது."

உபகாரமேரியின் கை தானாகப் போய் இடது புருவத்தைத் தொட்டது. தன் முகத்தை யார் அப்படிப் பார்த்து வைத்திருக்கிறார்கள்? ரசம் போன கண்ணாடியில் வகிடு நேராக இருக்கிறதா, பொட்டு நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. சாக்கைப் பிரித்துப் பொம்மையை எடுத்து அதன் புருவத்தில் விரலை ஓட்டினாள். ஏறித்தான் இருந்தது.

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லி? திருப்பி அவள வரவெச்சிப் பாத்தேன், மேரி. கண்ண மூடினா நீதான் வர்ற. அவ எங்கயோ போயிட்டா. பையன இதுக்கு மண்டி போட வெக்கறது பாவம். அவன்கிட்ட சொல்லிடலாம்."

எந்தப் பெண்ணும் கேட்க ஆசைப்படுகிற வார்த்தைதான். கல்யாணமான நாளிலிருந்து யாருக்கும் தெரியாமல் அவளும் ஆசைப்பட்டது அதற்குத்தான். கிடைத்துவிட்டது. ஆனால் கிடைத்த அந்த நிமிஷம் அவளுக்கு சந்தோஷம் கொஞ்சமும் வரவில்லை, பயம்தான் வந்தது. அப்படியானால் அக்கா எங்கே? கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். விளக்கெண்ணெய் தடவித் தலை வாரிவிட்ட கை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் வந்தது. ரோஜா நிறப் பாவாடை ஒன்று வந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வாகை மரத்தில் வெட்டிய இந்தப் பொம்மைதான் வந்தது.

மறுநாள் பொன்னுரங்கம் வீட்டுக்குப் போனாள். அவர் ஒரு கப்பலின் வயிற்றைக் குடைந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, எங்கக்கா சலேத்து மொகம் உங்களுக்கு ஞாபகம் கீதா? மொதப் பொம்மைய பாத்து நீங்கதானே சொன்னீங்க?"

பொன்னுரங்கம் உளியை வைத்துவிட்டு மேலே பார்த்து யோசித்தார். மனுஷன் உண்மையாகவே முயற்சி செய்தார்.

"தெரியாம இன்னா, நல்லா தெரியுமே. சிங்கராயரு வெட்டற பொம்ம மாதிரியே இருப்பா" என்றார்.

உபகாரமேரி தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்தாள். வரும் வழியில் ஏரிக்கரையில் உட்கார்ந்து, அக்கா செத்த அன்றைக்கு அழாத அழுகையை அழுதாள். அன்றைக்கு அவள் சின்னப் பெண். கைக்குழந்தையை யாரோ மடியில் போட்டுவிட்டார்கள், அழ நேரம் இல்லை.

வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு அவர் முன்னால் நின்றாள். "ரெக்ஸுகிட்ட சொல்லாதீங்க" என்றாள். "அவனுக்கு இருக்கறதே இது ஒண்ணுதான். அதயும் புடுங்கிட்டு இன்னாத்த குடுப்பீங்க?" சிங்கராயர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஐப்பசியில் கல்யாணம். காலையில் வீடு நிறைய சொந்தக்காரர்கள். முன் அறையில் மேசையைப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். மூக்குப் பொம்மை தானாக நிற்காது. கப்பல் முனையில் பொருத்துவதற்கென்று முன்பக்கம் சாய்த்து வெட்டியது. சிங்கராயர் ஒரு கட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, மணிக்கட்டால் தள்ளித் தள்ளி அதற்கு முட்டுக்கொடுத்தார். யாரோ ஒத்தாசைக்கு வந்தபோது வேண்டாம் என்று தலையசைத்தார். கடையில் வாங்கிய மாலை பொம்மைக்குப் பெரிதாக இருந்ததால், கூந்தலுக்கு வைத்திருந்த கனகாம்பரச் சரத்தில் ஒரு சாண் கிள்ளி உபகாரமேரி கொடுத்தாள். ரெக்ஸ் அதை அதன் கழுத்தில் போட்டான். சாய்ந்து நின்றதால், அது குனிந்து அவனைப் பார்க்கிற மாதிரியே இருந்தது.

புதுச் சட்டை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் அவன் மண்டியிட்டான். சிலுவை போட்டுக்கொண்டான். பொம்மையின் முகத்தை நேராகப் பார்த்தான்.

"அம்மா" என்றான். "கோயிலுக்குப் போறேம்மா. ஆசீர்வாதம் பண்ணு."

அவனுக்குப் பேச்சு வந்த புதிதில் அவன் உபகாரமேரியைத்தான் அம்மா என்று கூப்பிட்டான். அது அக்காவின் இடம், அதில் நாம் போய் உட்காரக்கூடாது என்று, சின்னம்மா, சின்னம்மா என்று சொல்லிச் சொல்லி மாற்றியவள் அவளேதான். பையன் அதற்குப் பிறகு தவறியும் அம்மா என்றதில்லை. காய்ச்சலில் பிதற்றும்போதுகூடச் சின்னம்மாதான். இன்றைக்கு அவளுடைய முகத்தைப் பார்த்து, அவளுடைய புருவத்தைப் பார்த்து, அந்த வார்த்தையைச் சொல்கிறான். "இங்கே இருக்கிறேண்டா" என்று நெஞ்சுக்குள் ஒன்று எழுந்தது. எழுந்த வேகத்திலேயே, அக்காவிடம் மிச்சமிருந்ததையும் பிடுங்கிக்கொண்டுவிட்டோமே என்று அது அடங்கிப்போனது. கூட்டத்துக்கு அந்தப் பக்கம் சிங்கராயர் நின்றிருந்தார். அவளைப் பார்த்த கண்ணை உடனே தாழ்த்திக்கொண்டார்.

ரெக்ஸ் எழுந்து வந்து அப்பாவின் காலைத் தொட்டான். பிறகு அவள் காலைத் தொட்டு நிமிர்ந்தவன், அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டான்.

"இன்னா சின்னம்மா, நல்ல நாளும் அதுவுமா ஏன் அழுவுற?"

உபகாரமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லடா. உங்கம்மாவ நெனச்சிகினேன்" என்றாள்.

நினைத்துத்தான் பார்த்தாள். முகம் வரவில்லை.